அல்வாயில் இருந்துகொண்டு ஸ்காபரோப் பனிக்கு அனுமதி கொடுப்பது எப்படி?

அல்வாய் அம்மம்மா எழுதியது:

வணக்கம். சிறிய வகுப்புகளுக்கு முப்பத்திரண்டு வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். மார்கழிப் பனி தெரியும். தலையில் விழுந்தால் தடிமன் பிடிக்கும் என்று தொப்பி போட்டு அனுப்புவோமே, அந்தப் பனி. கனடாப் பனியைக் கண்டதில்லை. குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் பிடித்திருப்பதைக் கரண்டியால் சுரண்டியதோடு சரி. அப்படிப்பட்ட என்னிடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் பனியைப் பற்றித் தீர்ப்புக் கேட்கிறார்கள்.

மகள் குடும்பம் கனடாவில், ரொறொன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியில் இருக்கிறது. பேரனுக்கு எட்டு வயது, பேத்திக்கு நாலரை. வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு பூங்கா, அதில் ஒரு சரிவு. பனி விழத் தொடங்கினால் பிள்ளைகளுக்கு அந்தச் சரிவில் பிளாஸ்டிக் வண்டியில் ஏறிச் சறுக்க வேண்டும். மருமகன் எந்த நாளும் "போகலாம்" என்பார். மகள் எந்த நாளும் "வேண்டாம்" என்பாள். இரண்டு பேரும் யன்னலைத் திறந்து வெளியே பார்த்துச் சொல்வதில்லை, அவரவர் சுபாவத்தைச் சொல்கிறார்கள். சண்டை முற்றி, போன மார்கழியில் மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள்: அம்மம்மா சொல்வதே முடிவு. அங்கே சனி காலை ஒன்பது மணி என்றால் இங்கே இரவு ஏழரை. நான் நுளம்புத்திரி கொளுத்தி வைத்துவிட்டுப் புட்டுக்கு மா குழைக்கும் நேரம். தொலைபேசி அடிக்கும். திரையில் இரண்டு முகங்கள். "அம்மம்மா, போகலாமா?"

என்னிடம் இருந்தது ஒரே ஒரு விதி. ரொறொன்ரோ வெப்பநிலை என் கைத்தொலைபேசியில் தெரியும்படி மகள் செய்து தந்திருக்கிறாள். மைனஸ் 10க்குக் கீழே போனால் வேண்டாம், மேலே என்றால் போகலாம். ஏன் பத்து என்று கேட்காதீர்கள். முப்பத்தைந்துக்குக் கீழே சித்தியில்லை என்று போட்டுப் பழகிய கை. எங்காவது ஒரு கோடு கிழிக்காமல் அதற்கு இருக்க முடியாது.

தை மாதம் முதற்சனி மைனஸ் 17. மறுத்தேன். பேரன் அன்றைக்கு என்னோடு பேசவில்லை. அடுத்த சனி மைனஸ் 4, நல்ல வெயில். வெள்ளிக்கிழமை அங்கே மழை பெய்ததாக மகள் சொன்னாள். இரண்டு தரம் சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காரணம் இருக்கிறது.

சறுக்கு விளையாட்டு எனக்குத் தெரியாத ஒன்றல்ல. என் அம்மாவின் ஊர் மணற்காட்டுப் பக்கம். அந்த மணற்குன்றுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு பிள்ளைக்கு மேலே ஏறிக் கீழே வழுக்கும் எண்ணம் வருவதற்கு அதைவிட்டால் வேறு இடம் இல்லை. கீரிமலையிலும் மலை பெயரில்தான் இருக்கிறது. காய்ந்த தென்னம்மட்டையின் அகலமான அடிப்பக்கத்தில் குந்தி, முன்னால் இருப்பவளின் பின்னலைப் பிடித்துக்கொண்டு இறங்குவோம். மழை பெய்த மறுநாள் மட்டும் அந்த விளையாட்டு இல்லை. ஈரமணல் இறுகி மட்டையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நகராது. ஆகவே மழை பெய்தால் வேகம் குறையும் என்பது நான் ஏழு வயதிலேயே படித்து முடித்த பாடம். "தாராளமாகப் போங்கள்" என்றேன்.

ஒன்றரை மணித்தியாலத்தில் மறுபடி தொலைபேசி. பேரன் அடிவாரத்தில் நிற்கவில்லை. சமதரையையும் கடந்து போய்க் கம்பிவேலியில் மோதியிருக்கிறான். பிடிக்க ஓடிய மருமகனும் விழுந்தார். பிள்ளைக்கு மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு, மூன்று கிழமைக்குக் கட்டு. மருமகனுக்கு நாரிப் பிடிப்பு. "முழுக்கக் கண்ணாடி மாமி, காலே ஊன்ற முடியவில்லை" என்றார். மகள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன்.

அங்கே இருக்கிறவர்களிடம் கேட்கிறேன். மைனஸ் 17க்கு மறுத்ததும் மைனஸ் 4க்கு விட்டதும் இரண்டுமே பிழையா? குளிர் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று நான் நினைத்தது எந்த இடத்தில் பிசகியது? நீங்கள் எதைப் பார்த்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள்? "இந்த வயதில் உங்களுக்கு ஏன் இந்தப் பொறுப்பு" என்று மட்டும் எழுத வேண்டாம். அதை நானே எனக்குச் சொல்லிப் பார்த்தாயிற்று.

ஸ்காபரோச் சோம்பேறி எழுதியது:

ரீச்சர், இங்கே எனக்கு இது இருபத்தோராவது குளிர்காலம். இரண்டு பெண்பிள்ளைகளைச் சரிவில் இழுத்து இழுத்தே வளர்த்தவன். உங்கள் மணற்காட்டுக் கணக்கு இங்கே அப்படியே தலைகீழ். மணல் நனைந்தால் ஒட்டும். பனி நனைந்து இரவில் உறைந்தால் மேற்பரப்பில் ஒரு கண்ணாடித் தகடு படியும். புதுப்பனியில் வண்டி கொஞ்சம் புதையும், அடிவாரத்தில் பனியே பிடித்து நிறுத்திவிடும். தகட்டின் மேல் புதைய ஒன்றும் இல்லை. திருப்ப முடியாது, குதிக்காலை ஊன்றி நிறுத்தவும் முடியாது. மேலே எவ்வளவு வேகம் எடுத்ததோ அதைக் கொண்டு வேலி மட்டும் போகும்.

நீங்கள் பார்த்த எண் உடுப்புக்கு உரியது. எத்தனை சோடி காலுறை போடலாம் என்று அதைப் பார்த்துச் சொல்லலாம். சரிவு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதற்கு முன்னைய இரண்டு நாட்களைப் பார்க்க வேண்டும். மழை பெய்ததா, பகலில் பூச்சியத்துக்கு மேலே போய் இரவில் கீழே வந்ததா என்று. பெய்திருந்தால் அன்று காலை சறுக்கப் போகக் கூடாது. அன்றைக்கு வெப்பநிலை பூச்சியத்தைத் தாண்டினால் நண்பகலுக்குப் பிறகு மேல்தகடு இளகிக் கொஞ்சம் நல்லாகும். ஆனால் தை மாதத்தில் இங்கே ஐந்து மணியளவில் சூரியன் போய்விடும். நாலு மணிக்கே மறுபடி இறுகத் தொடங்கும்.

என் பரிசோதனை ஒன்று இருக்கிறது. பிள்ளைகளைக் கீழே நிறுத்திவிட்டு நான் முதலில் சரிவில் ஏறுவேன். பாதி வழியில் நின்று குதிக்காலால் ஓங்கி ஒரு உதை. பள்ளம் விழுந்தால் பிள்ளைகளைக் கூப்பிடுவேன். "டக்" என்று சத்தம் மட்டும் வந்தால், அல்லது ஏறவே முடியாமல் நான் வழுக்கினால், எல்லோரும் சூடான சொக்கலேற் குடிக்கப் போகிறோம். மூத்தவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது தொடங்கிய பழக்கம். இப்போது அவளே முதலில் ஏறி உதைக்கிறாள்.

இன்னொன்று, அந்த வேலி. சறுக்கி வந்து நிற்கும் பாதையில் வேலி இருந்தால் பனி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது பிள்ளைகளுக்கான இடமல்ல. 2024 தை மாதத்தில் ரொறொன்ரோ மாநகரசபை 45 சரிவுகளில் சறுக்கத் தடை போட்டு, 29 இடங்களை மட்டும் அனுமதித்தது. ஊரே திட்டியது. நானும் திட்டினேன், ஏனென்றால் நாங்கள் வருடக்கணக்காகப் போன சரிவும் தடைப் பட்டியலில் வந்துவிட்டது. பிறகு கோடையில் அந்தப் பக்கம் நடந்தபோது பார்த்தேன், அடிவாரத்துக்கு நேரே இரண்டு மரங்கள். அவை அங்கே எப்போதும்தான் நின்றன. அனுமதித்த இடங்களின் பட்டியல் மாநகரசபையின் இணையத்தளத்தில் இருக்கும், மருமகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மைனஸ் 17க்கு மறுத்தது பற்றிக் கேட்டீர்கள். காற்று இல்லாமல், புதுப்பனி விழுந்து, உடுப்பு ஒழுங்காக இருந்தால் நான் அரைமணித்தியாலம் விட்டிருப்பேன்.

நெல்லியடிக் கச்சான் எழுதியது:

என்ன பிள்ளை வளர்ப்போ தெரியவில்லை. தைப்பொங்கல் காலத்தில் இங்கே என்றால் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் பார்த்துக்கொண்டு நிற்கலாம். கையும் முறியாது காலும் முறியாது. பிள்ளைகளை வீட்டுக்குள் இருத்தி நாலு தேவாரம் பாடமாக்குவியுங்கள் அம்மா.

அல்வாய் அம்மம்மா எழுதியது:

தம்பி, பட்டக்கயிறு விரலை அறுத்து இரத்தம் வழிய வகுப்புக்கு வந்த பையன்களுக்குத் துணி சுற்றிவிட்டவள் நான். பேரனுக்குத் தேவாரம் பாடம். "தோடுடைய செவியன்" சொல்லிக்கொண்டுதான் சறுக்குகிறானாம்.

ஒஸ்லோக்காரி எழுதியது:

அம்மா, வானிலை கெட்டதில்லை, உடுப்புத்தான் கெட்டது என்று நோர்வேக்காரர் ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் முதல் நாளே எனக்கு அதைச் சொன்னார்கள். பழமொழியில் பாதி உண்மை. என் முதல் குளிர்காலத்தில் மகனுக்குக் கீழே பருத்திக் காற்சட்டை, மேலே மூன்று சட்டை, அதற்கு மேலே தடித்த அங்கி என்று பொங்கல் பானைக்குத் துணி சுற்றியது போல் சுற்றி அனுப்பினேன். ஏறி ஏறி வியர்த்தான். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டது. நின்றவுடன் நடுங்கத் தொடங்கினான். வெளியே மைனஸ் 3 தான். அதன் பிறகு உடம்போடு ஒட்டக் கம்பளி, மேலே நீர் புகாத அங்கி. கைக்கு ஐந்து விரல் உறை வேண்டாம், நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் உறைதான் சூடு. மாற்றுச் சோடி ஒன்று பையில் இருக்க வேண்டும், ஏனென்றால் முதற்சோடி எப்படியும் நனையும்.

ஸ்காபரோ அண்ணாவோடு ஒரு விடயத்தில் நான் ஒத்துப்போகவில்லை. குளிர் உடுப்போடு முடிகிற விடயம் என்பது போல் எழுதிவிட்டார். சறுக்கும் பிள்ளைக்குக் காற்றே இல்லாத நாளிலும் காற்று உண்டு, வண்டியின் வேகமே காற்று. கன்னத்தில் அது அறையும். இங்கே ஒஸ்லோவில் இரண்டு கிலோமீற்றர் நீளமான சறுக்குப் பாதை ஒன்று இருக்கிறது. கோர்க்கெத்ரெக்கெரன் என்று பெயர், தக்கை திருகி என்று அர்த்தம். 255 மீற்றர் உயரம் கீழே இறங்கலாம். அடிவாரத்தில் முதலாம் இலக்க மெற்றோவைப் பிடித்து மறுபடி மேலே போகலாம். அங்கே கொண்டுபோன நாட்களில் மைனஸ் 6க்கே பிள்ளைகளின் முகத்தை ஒவ்வொரு தரமும் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.

வட்டத் தட்டு மாதிரியான வண்டியை வாங்கிக் கொடுக்க வேண்டாம். அது பாதி வழியில் சுழன்று பிள்ளையை முதுகுப் பக்கமாகக் கொண்டுபோகும். எதிரே என்ன வருகிறது என்று பிள்ளைக்கே தெரியாது. பிறேக்கும் திருப்பும் வளையமும் உள்ளது வாங்கலாம்.

பிள்ளைகள் "இன்னும் ஒரே ஒரு தரம்" என்று கெஞ்சத் தொடங்கும்போது நான் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். களைத்த பிள்ளை வண்டியில் ஒழுங்காக இருக்காது. என் வீட்டில் விழுந்த விழுகைகள் எல்லாம் அந்த ஒரே ஒரு தரத்தில்தான்.

மொன்றியல் தாதி எழுதியது:

இரவு வேலை முடித்து வந்து எழுதுகிறேன், நீட்டவில்லை.

ரீச்சர், உங்களுக்குக் கோடு கிழிக்க ஒரு எண் வேண்டுமென்றால் பத்தை விட்டுவிடுங்கள். கனடாக் குழந்தைநல மருத்துவர் சங்கம் சொல்வது, வெப்பநிலை மைனஸ் 25க்குக் கீழே போனால், அல்லது காற்றோடு சேர்த்து உடலில் படும் குளிர் மைனஸ் 28ஐத் தொட்டால், பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அந்த இரண்டாவது எண்ணில் மூடாத தோல் அரைமணித்தியாலத்துக்குள் உறைந்துபோகலாம். உங்கள் தொலைபேசியில் வெப்பநிலைக்குக் கீழே "உணரப்படுவது" என்று இன்னொரு எண் இருக்கும். அதைப் பாருங்கள். மைனஸ் 17 அன்று பலத்த காற்று வீசியிருந்தால் நீங்கள் மறுத்தது சரிதான்.

பேத்திக்கு நாலரை என்றீர்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை தனியே சறுக்கக் கூடாது. பெரியவர் ஒருவரோடு, இருந்தபடி, கால் முன்னால். தலை முன்னால் போகக் குப்புறப் படுப்பது எந்த வயதிலும் வேண்டாம். தலைக்கவசம் கட்டாயம், பனிச்சறுக்குக்கோ ஹொக்கிக்கோ உரியது. கழுத்துச் சால்வை வேண்டாம், எதிலாவது மாட்டி இறுகும். கழுத்தில் குழாய் போல் மாட்டுகிற உறை கிடைக்கும்.

மூக்கு, காது, கன்னம், விரல் எங்காவது தோல் வெளிறி, தொட்டால் தெரியவில்லை என்று பிள்ளை சொன்னால் உடனே உள்ளே கொண்டுபோக வேண்டும். தேய்க்கக் கூடாது. நம்முடைய ஆட்கள் கையைச் சூடு பறக்கத் தேய்ப்பார்கள், நெருப்பில் காட்டுவார்கள், இரண்டும் பிழை. வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கலாம், அல்லது அக்குளுக்குள் வைத்து அணைக்கலாம். நிறம் திரும்பாவிட்டால் வைத்தியரிடம் போக வேண்டும்.

பேரனின் கட்டு நனையக் கூடாது. அவனை விட்டுவிட்டு மற்றவர்கள் மட்டும் போனால் வீட்டில் வேறு போர் தொடங்கும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

அல்வாய் அம்மம்மா எழுதியது, எட்டு நாள் கழித்து:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுச் சனி. நடந்ததை எழுதினால்தான் எனக்கு நித்திரை வரும்.

வியாழன் இரவு அங்கே 12 சென்ரிமீற்றர் பனி விழுந்தது. வெள்ளி மழை இல்லை, பகலிலும் பூச்சியத்துக்கு மேலே போகவில்லை. சனி காலை மைனஸ் 9, உணரப்படுவது மைனஸ் 14. பழைய அம்மம்மா என்றால் ஒன்பதைப் பார்த்துவிட்டுப் பத்துக்கு ஒன்று குறைவு என்று பயந்து பயந்து விட்டிருப்பாள். இந்தத் தடவை தீர்ப்பை ஏழரைக்குச் சொல்லவில்லை. சரிவுக்குப் போய் அங்கிருந்து எடுங்கள் என்றேன்.

வேலி உள்ள பூங்காவை மருமகன் தானாகவே விட்டுவிட்டார். பட்டியலில் பார்த்து, காரில் இருபது நிமிடம் ஓடி வேறொரு இடத்துக்குப் போனார்கள். அடிவாரத்தைக் காட்டச் சொன்னேன். ஒரு பாடசாலை விளையாட்டு மைதானம் அளவுக்கு வெறும் வெளி. மரம் எங்கே என்று கேட்டேன். தொலைபேசியை அப்படியே சுற்றிக் காட்டினார்கள், மரங்கள் தூரத்தில் பக்கவாட்டில் நின்றன. பிறகு மருமகனின் குதிக்காலைக் காட்டச் சொன்னேன். மாமியாருக்குக் குதிக்கால் காட்டுவது எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று மனிதர் நினைத்திருப்பார், ஆனாலும் காட்டினார். நாரியைப் பிடித்துக்கொண்டு ஒரு உதை. சப்பாத்தில் பாதி உள்ளே போனது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. வறுத்த அரிசிமாவுக்குள் கரண்டி இறக்கினால் வரும் சத்தம்.

"போகலாம்" என்றேன்.

தாதி சொன்ன போரைத் தவிர்க்கப் பேரனுக்கு ஒரு பதவி கொடுத்தேன். கட்டுக்கு மேலே உறை போட்டுக்கொண்டு, அடிவாரத்தில் இருந்து விலகிப் பக்கத்தில் நின்று, தொலைபேசியைப் பிடிப்பது அவன் வேலை. ஒற்றைக் கையில் பிடித்தானா, பாதி நேரம் எனக்கு வானம்தான் தெரிந்தது. வெளிறிய, ஒரு பறவையும் இல்லாத வானம். பேத்தி தகப்பனின் மடியில் தலைக்கவசத்தோடு இருந்தாள். அவர்கள் இறங்கிய முதற்தரத்தை நான் பார்க்கவே இல்லை, கூச்சல் மட்டும் கேட்டது. இரண்டாவது தரம் பார்த்தேன். மகளும் ஒரு தரம் இறங்கினாள். எந்த நாளும் வேண்டாம் என்பவள். எழுந்து நின்று பனியைத் தட்டிக்கொண்டு ஒன்றும் நடக்காதது போல் மேலே ஏறினாள்.

ஏழாவது தரம் முடிய "இன்னும் ஒரே ஒரு தரம் அம்மம்மா" என்று பேத்தி வந்தாள். ஒஸ்லோத் தங்கையின் சொல்லை மீறி ஒன்று விட்டேன். அந்த ஒன்றில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் அவர்கள் அடிவாரத்துக்கு வந்து நிற்கும் மட்டும் என் கை கதிரைச் சட்டத்தை விடவில்லை. இனி அந்த ஒன்றுக்கும் அனுமதி இல்லை. அடுப்பில் புட்டுக் குழல் தண்ணீர் வற்றி அடிப்பிடித்து, வீடெல்லாம் புகை.

நெல்லியடித் தம்பிக்கு ஒரு செய்தி: திரும்பும்போது பிள்ளைகள் காரில் தேவாரம் பாடவில்லை, நித்திரை.

வருகிற சனிக்கு வெள்ளி மழை என்று போட்டிருக்கிறது. ஞாயிறுக்கு மாற்ற முடியாது, மருமகனுக்கு வேலை. பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லவில்லை.